யூஸ்டு 13900கே வாங்கலாமா? பயாஸ் அப்டேட் போட்டாச்சுன்னு சொல்றாரு

பி660_பையன்

வணக்கம் மக்களே. என்கிட்ட இப்ப இன்டெல் ஐ5-12400 ப்ராசஸர், பி660 மதர்போர்டு. ஆபீஸ்ல ஒரு அண்ணன் அவரோட ஐ9-13900கே-வ குடுத்துடுறேங்கிறாரு, வேற பிளாட்ஃபார்முக்கு மாறுறாராம். சொல்ற ரேட்டுக்கு ஆசையாத்தான் இருக்கு, ஆனா 13த் ஜென் 14த் ஜென் சிப்பெல்லாம் கேம் நடுவுல கிராஷ் ஆகுது, போகப்போக மோசமாகுதுன்னு 2024-ல ஒரே பேச்சா இருந்துச்சே, அதான் யோசனை. அவர்கிட்ட கேட்டா "அதெல்லாம் பயாஸ்ல சரி பண்ணிட்டாங்கப்பா, நானும் போட்டுட்டேன்"ங்கிறாரு. எடிட்டிங், நைட்டு கொஞ்சம் கேம், இவ்ளோதான் என் யூஸ். நம்பி வாங்கலாமா?

வோல்டேஜ்_வாத்தியார்

தம்பி, அவர் எப்ப போட்டாருன்னு கேட்டீங்களா? அதுலதான் எல்லாமே இருக்கு.

பயாஸோட (போர்டு ஆன் ஆனதும் முதல்ல ஓடுற மென்பொருள்) சேர்ந்து வர்ற மைக்ரோகோட், அதாவது சிப்பு எப்படி நடந்துக்கணும்னு சொல்ற இன்டெல்லோட குட்டி ப்ரோக்ராம், சிப்ப ரிப்பேர் பண்ணாது, இனிமே கெடாம பாத்துக்கும், அவ்ளோதான். நடந்தது என்னன்னா சிப்பு தனக்குத் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கிட்டே இருந்துச்சு, அந்த அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து கோருக்குள்ள இருக்குற கிளாக் சர்க்யூட்ட சீக்கிரமே கிழடாக்கிடுச்சு, அப்புறம் அதே ஸ்பீடுல ஓட முன்னவிட ஜாஸ்தி வோல்டேஜ் இருந்தாத்தான் ஆச்சுன்னு ஆகிப்போச்சு. இன்டெல் இதுக்கு வி-மின் ஷிஃப்ட்னு பேரு வச்சாங்க. ஒருதடவ ஷிஃப்ட் ஆன சிப்ப எந்த அப்டேட்டும் பழையபடி ஆக்காது, மாத்தித்தான் ஆகணும்.

ஃபிக்ஸும் ஒரே நாள்ல வரல. 2024 ஆரம்பத்துல இருந்தே கம்ப்ளைன்ட், முதல்ல பழி போர்டு கம்பெனிக்காரங்க மேல விழுந்துச்சு, பவர் லிமிட்ட கழட்டிவிட்டுட்டாங்கன்னு (அதுவும் பொய் இல்ல, 253 வாட்டுல நிக்க வேண்டியத 4096-னு போட்டு வித்தாங்க). ஜூன்ல 0எக்ஸ்125-ங்கிற மைக்ரோகோட் வந்துச்சு, அதுல சரிபண்ணுன பிழை மூல காரணம் இல்லன்னு இன்டெல்லே சொன்னாங்க. ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்காம தடுத்துச்சு. செப்டம்பர்ல 0எக்ஸ்12பி, சும்மா இருக்குறப்பவும் லேசான வேலையிலயும் வோல்டேஜ் ஏறுறத தடுக்குறதுக்கு. எல்லாம் முடிஞ்சுதுன்னு பாத்தா 2025 மே மாசம் 0எக்ஸ்12எஃப், நாள்கணக்கா ஆஃப் பண்ணாம லேசான லோடுல ஓடுற சிஸ்டத்துக்குன்னு. 13900கே வந்தது 2022 அக்டோபர்ல. அண்ணன் அப்பவே வாங்கியிருந்தா கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் அது பழைய மைக்ரோகோட்லதான் ஓடியிருக்கு, கணக்கு போட்டுக்கோங்க.

தெக்கத்தி_டெக்கி

வாத்தியார் சொன்னது சரி, ஒண்ண விட்டுட்டாரு. மைக்ரோகோட் சிப்புக்குள்ள போய் உக்காந்துக்காது. கரண்ட் போனா அதுவும் போச்சு, ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் போர்டோட பயாஸ்தான் அத ஏத்தி விடுது. அவர் "போட்டுட்டேன்"னு சொல்றது அவரோட போர்டுல. உங்க பி660-ல 12400-க்காக என்னைக்கோ போட்ட பயாஸே இருந்தா, அந்த சிப்பு உங்க வீட்டுக்கு வந்ததும் பழையபடி இஷ்டத்துக்கு வோல்டேஜ் கேக்கும். அதனால வாங்குறதா இருந்தா 12400 மாட்டியிருக்குறப்பவே புது பயாஸ ஃப்ளாஷ் பண்ணிட்டு அப்புறம் சிப்ப மாத்துங்க. மாத்துனதும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ-ல (சிஸ்டம் விவரம் காட்டுற சாஃப்ட்வேர்) மைக்ரோகோட் நம்பர் பாருங்க, 12பி-க்கு கீழ இருந்தா ஆஃப் பண்ணிடுங்க.

பி660_பையன்

ஐயோ இது சுத்தமா தெரியாது ப்ரோ, நன்றி. அவர்கிட்டயே டெஸ்ட் பண்ணி வாங்கிக்கலாம்னா எப்படி? சினிபெஞ்ச் (எல்லா கோருக்கும் வேலை குடுக்குற டெஸ்ட் சாஃப்ட்வேர்) அரைமணி நேரம் ஓட்டி பாத்தா போதுமா?

வோல்டேஜ்_வாத்தியார்

போதாது. எல்லா கோரும் ஒண்ணா ஓடுறப்ப ஸ்பீடும் வோல்டேஜும் இறங்கிடும், அடிவாங்குன சிப்பு கூட அதுல பாஸ் ஆயிடும். ஒண்ணு ரெண்டு கோர் உச்ச ஸ்பீடுக்குப் போறப்பதான் பல்ல இளிக்கும். பெரிய ஜிப் ஃபைல திரும்பத் திரும்ப விரிச்சுப் பாருங்க, சிஆர்சி எரர் (விரிச்ச டேட்டா தப்பாயிடுச்சுங்கிற மெசேஜ்) வருதான்னு. என்விடியா டிரைவர ரெண்டு மூணு தடவ இன்ஸ்டால் பண்ணுங்க. அன்ரியல் இன்ஜின் கேம் எதையாவது திறந்து ஷேடர் (கிராஃபிக்ஸ் ப்ரோக்ராம்) கம்பைல் ஆக விடுங்க, அங்க "வீடியோ மெமரி பத்தல"ன்னு வந்துச்சுன்னா கிராஃபிக்ஸ் கார்டு மேல சந்தேகப்படாதீங்க, அந்த காலத்துல பாதிப்பேர் இத பாத்துட்டுத்தான் நல்ல கார்ட மாத்தி ஏமாந்தாங்க.

முக்கியமா, டெஸ்ட்டுக்கு முன்னாடி பயாஸுக்குள்ள போய் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்க்ஸ் வச்சுடுங்க. ஏன்னா பி-கோர் ரேஷியோவ (பெரிய கோரோட ஸ்பீட முடிவு பண்ற எண்) 55-ல இருந்து 53-க்கு இறக்குனா நோயாளி சிப்பு கூட சமத்தா ஓடும், கேம் கம்பெனிக்காரங்களே அப்ப குடுத்த வைத்தியம்தான் அது. அண்ணன் மறைக்கிறாருன்னு சொல்லல, என்னைக்கோ இறக்கி வச்சிட்டு மறந்தும் போயிருக்கலாம்.

சும்மா_வந்தேன்

ஏம்பா இவ்ளோ கஷ்டம்? அதே சாக்கெட்டுதானே, 12700கே இல்லனா 12900கே தேடு. 12த் ஜென்ல இந்த பிரச்சனையே கிடையாது, எடிட்டிங்குக்கு அதுலயும் அதே யுஹெச்டி 770 கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளயே இருக்கு. 253 வாட்ட உன் பி660 போர்டு தாங்குமான்னும் யாரும் கேக்கல பாத்தியா.

அந்த காலம்னா இன்டெல்லோட 1994 பென்டியம் மாதிரி கம்பெனியே மாத்திக் குடுத்துட்டு 475 மில்லியன் டாலர் நஷ்டத்த ஏத்துக்கும். அப்ப சிப்பு வகுத்தல் கணக்குக்குப் பாக்குற டேபிள்ல அஞ்சு எண்ட்ரி விட்டுப்போச்சு, சில விடை தப்பா வந்துச்சு, அந்த சிப்புக்கு மைக்ரோகோட் அப்டேட் வசதியே இல்ல, அதனால வேற வழியும் இல்ல. இப்ப வசதி வந்துருச்சு, பாதி வெந்தத வித்துட்டு நம்மள மாசக்கணக்கா காக்க வைக்கிறாங்க.

தெக்கத்தி_டெக்கி

பாதி வாதம் சரி, ஆனா மாத்தித் தரவே இல்லன்னு ஆகிடாது, வாரண்டிய ரெண்டு வருஷம் நீட்டுனாங்களே, பெட்டியோட வித்த சிப்புக்கு மூணு வருஷம் அஞ்சு வருஷமாச்சு. தம்பி, பெட்டியும் பில்லும் இருக்கான்னு மொதல்ல கேளுங்க. பெட்டியோட வந்ததுன்னா நேரா இன்டெல்கிட்ட போகலாம், ட்ரே சிப்போ (பெட்டியில்லாம வித்தது) ரெடிமேட் சிஸ்டத்துல இருந்து எடுத்ததோன்னா வித்த கடைக்காரர்கிட்டதான் போய் நிக்கணும். பில்லே இல்லன்னா எவ்ளோ சீப்பா குடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

பி660_பையன்

கேட்டுட்டேன். பில்லு இருக்காம், 2023 ஜனவரி, பெட்டிய தேடணுமாம். பயாஸ் போட்டது "போன தீபாவளி சமயத்துல"ங்கிறாரு. 12700கே எங்கயாவது கிடைக்குதான்னு பாக்குறேன்.