மடங்காக் கத்தியும் அதன் வேரும்: மலைநடைக் கையேட்டுக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மலைநடைக் கையேட்டில் கத்தி பற்றி வரும் பகுதிக்கு, முக்கியமாக மடங்காமல் தகடு நிலையாக நிற்கிற கத்திக்கும் (fixed-blade knife) அதன் உறுப்புகளுக்கும், சொல் கேட்டு ஹட்டன் தம்பி போட்ட மடலையும், அதற்கு வந்த பதில்களையும் வாசித்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல சொற்கள்தான். ஆனால் இந்தக் கையேட்டை வாசிக்கப் போகிறவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ தடத்திலும், நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கமும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் அவர்கள். கைக்காசு போட்டு ஒரே ஒரு கத்திதான் வாங்குவார்கள். அதே கத்தி கயிறு அறுக்க வேண்டும், பாண் வெட்ட வேண்டும், சுள்ளி சீவ வேண்டும், காயத்துக்குத் துணி கிழிக்க வேண்டும். ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான்: ஹாட்வெயார் கடையில் நின்று இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்கு விளங்குமா? ஏமாறாமல் வாங்க அது உதவுமா?

> "நிலையலகுக் கத்தி" என்று போடலாமா? அலகு நல்ல பழைய சொல்தானே?

தம்பி, கத்தியின் தகட்டுக்கு அலகு பழைய சொல் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அலகு என்றால் மீற்றரும் கிலோகிராமும். பாடத்தின் பகுதியும் அலகுதான். தோட்டத்துத் திருவிழாவில் அலகு என்றால் கன்னத்தில் குத்துவது. "நிலையலகு" என்று தலைப்பில் கண்ட பிள்ளை விஞ்ஞானப் பாடம் என்றுதான் நினைக்கும். அதோடு அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், யாரும் கடையில் கேட்கக்கூடிய சொல்லாக அது இல்லை.

> உறையில் போட்டுக் கொண்டுபோகும் கத்தி என்பதால் "உறைக்கத்தி". எதிர்மறை இல்லாத பெயர்.

பண்டாரவளை அக்கா தந்த இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னது, காதுக்கு இதமானது, உறை இல்லாமல் பையில் போடாதே என்ற புத்திமதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை அக்கா. சந்தையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தருகிற கத்திக்கு உறை ஏது? மறுபக்கம், மடக்குக் கத்திக்கும் இப்போது துணியுறை கொடுக்கிறார்கள். உறையை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. உறை பற்றிய பத்தியில் இந்தச் சொல்லைத் தாராளமாகப் புழங்கலாம், தலைச்சொல்லாக வேண்டாம்.

நான் சொல்வது "மடங்காக் கத்தி". மடக்குக் கத்தி என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்கள் வில்லுக்கத்தி என்பார்கள். அதன் பக்கத்தில் மடங்காக் கத்தி என்று வைத்தால் விளக்கமே தேவையில்லை. ஒரு பொருளை அது அல்லாததைச் சொல்லி அழைப்பதா என்று மறுப்பு வரலாம். வாடாமல்லி, அணையா விளக்கு, வற்றா ஊற்று என்று தமிழ் காலங்காலமாக அப்படி அழைத்துத்தான் வருகிறது. "மடங்காமை"தான் இங்கே குணமும்கூட. மடக்குக் கத்தியின் பலவீனம் முழுக்க அந்தப் பிணைச்சலில் இருக்கிறது. சேறும் பாணின் துணுக்கும் அதற்குள் போனால் மலைமேல் கழுவியெடுப்பது பெரும் பாடு, அழுத்தி வேலை செய்யும்போது ஆட்டம் காண்பதும் அங்கேதான். பூட்டு சரியில்லாத மலிவுக் கத்தி என்றால் விரலின் மேலேயே மடங்கும்.

இனி, இந்த மடலை எழுத உட்காரவைத்த சொல். பிடிக்குள் போகிற உலோகப் பகுதிக்கு என்ன பெயர்? கையேட்டில் வேறு எந்தச் சொல் தவறிப்போனாலும் பரவாயில்லை, இது சரியாக அமைய வேண்டும். மலிவுக் கத்தியில் கள்ளம் ஒளிந்திருக்கிற இடம் அதுதான்.

போன வருடம் ஊருக்கு வந்த ஒரு பையன், சந்தையில் வாங்கியதாகச் சொல்லி, பிடி கழன்ற கத்தி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். பார்க்க வாட்டசாட்டமான கத்தி. கனமான தகடு, முதுகில் வாள்பல், கறுப்புப் பூச்சு. பிடியைத் திருப்பி உள்ளே பார்த்தால், அந்தப் பெரிய தகடு கழுத்தில் சட்டென்று ஒடுங்கி, சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத ஒரு குச்சியாக முடிந்திருந்தது. அதன்மேல் கொஞ்சம் பசை, மீதி வெறும் பிளாஸ்டிக் குழி. ஒடுங்கிய இடத்தில் வளைவு கொடுக்காமல் செங்கோணமாக வெட்டியிருந்தார்கள். விசை அத்தனையும் அந்த மூலையில் வந்து குவியும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். அதுவும் தொடங்கியிருந்தது, மயிரிழை போல ஒரு கோடு. இதை வாங்கும்போது அவன் என்னவென்று கேட்டிருக்க முடியும்? கேட்க அவனிடம் சொல் இல்லை.

இதற்குக் "காம்பு" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நம் பக்கம் காம்பு என்றால் வெளியே கைபிடிக்கிற மரம் என்றும் எடுத்துக்கொள்வார்கள், கொழுந்தின் காம்பும் இருக்கிறது. "காம்பு நல்லதா?" என்று கேட்டால் கடைக்காரர் பிடியைத் தட்டிக் காட்டிவிட்டு நல்லது என்பார். "வால்" என்பதும் வந்தது. மெல்லிய குச்சிக்கு அது பொருந்தும். அகலம் குறையாமல் கடைசிவரை போகிற தகட்டை வால் என்று அழைக்க மனம் வரவில்லை.

என் முன்மொழிவு "வேர்". பல்வேர் என்று சொல்கிறோம் அல்லவா, ஈறுக்குள் மறைந்திருந்து பல் ஆடாமல் பிடித்துக்கொள்வது. கத்திக்கும் அது அப்படியே. வால் என்பது வடிவத்தை மட்டும் சொல்கிறது, வேர் அதன் வேலையைச் சொல்கிறது. அடைகளும் தானாக வந்து அமைகின்றன. பிடியின் நீளம் முழுக்க அகலமாகத் தகடு போனால் முழுவேர். பாதியில் நின்றால் அரைவேர். மெலிந்து குச்சியாகப் போனால் ஊசிவேர். "இந்தக் கத்திக்கு வேர் எதுவரைக்கும் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை கேட்கிறவருக்கும் விளங்கும்.

இதில் கையேட்டை எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தில் நிதானமாக இருக்க வேண்டும். முழுவேர் நல்லது, மற்றதெல்லாம் குப்பை என்று எழுதிவிடக்கூடாது. சுவீடனில் மோரா என்ற ஊரின் பெயரிலேயே வரும் கத்திகளைப் பாருங்கள். அவற்றில் கம்பேனியன் என்ற மாதிரி உலகம் முழுக்க மலிவான நல்ல கத்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. தகடு ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் நீளம், 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. அதற்கு முழுவேர் கிடையாது. ஆனால் வேர் பிடிக்குள் போதுமான தூரம் போகிறது, பிடியை அதன்மேலேயே வார்த்து இறுக்கியிருக்கிறார்கள். சீவுவதற்கும் அறுப்பதற்கும் அது தாராளம். கட்டை வைத்து முதுகில் அடித்து விறகு பிளக்கிற வேலைக்குத்தான் முழுவேர் வேண்டும், அதற்கு அதே கம்பனி கார்பெர்க் என்று 3.2 மில்லிமீற்றர் தடிப்பில் முழுவேருடன் வேறு கத்தி செய்கிறது, விலையும் பல மடங்கு.

நம் பிள்ளைகளுக்கு அந்த விறகு பிளக்கிற வேலை எவ்வளவு வரும்? ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றும் 2010 முதல் உலக மரபுரிமை இடங்கள். அங்கே மரம் வெட்டுகிற பேச்சுக்கே இடமில்லை, வெட்டவும் கூடாது. ஆகவே "பொதுப்பயன் கத்தி" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் கயிறும் சாப்பாடும் முதலுதவியும்தான். வீட்டில் இருக்கிற மன்னாக் கத்தியைக் கொண்டுபோனால் போதாதா என்று கேட்டவருக்கும் இதுவே பதில். மன்னா கனம், நீளம், தக்காளி வெட்ட ஆகாது, பஸ்ஸில் கையோடு கொண்டுபோனால் பொலிஸ் கேள்வி கேட்கும். கவ்வாத்துக் கத்தி தேயிலைக் கிளைக்கென்றே வளைந்தது, அதன் வேலையை அது செய்யட்டும். நாம் வாங்குகிற சின்னக் கத்தியையும் ஊருக்குள் இடுப்பில் தொங்கவிட வேண்டாம், உறையோடு பையின் அடியில் இருக்கட்டும் என்று கையேட்டில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

உலோகத்துக்கு வருவோம். நம் பாடப்புத்தக வழக்கில் காபன் உருக்கு என்று இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். இந்திய நண்பர்கள் எஃகு என்பார்கள், அடைப்பில் அதையும் போட்டுவிட்டால் சரி. ஆனால் "துருப்பிடிக்காத உருக்கு" என்ற சொல்லை நான் மறுக்கிறேன். பிடிக்கும். ஏறக்குறைய 10.5 வீதத்துக்கு மேல் குரோமியம் சேர்த்தால் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஈரத்தோல் உறைக்குள் கிடந்தால் அந்தப் படலமும் தோற்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. மே மாதம் தொடங்கினால் துணி காய்வதே கிடையாது. அங்கே இருக்கிற பிள்ளையிடம் "பிடிக்காது" என்று பெயரிலேயே வாக்குக் கொடுப்பது சரியில்லை. "துருவெதிர் உருக்கு" என்று வைப்போம். எதிர்த்து நிற்கும், ஆனால் துடைத்து வைப்பது உன் பொறுப்பு. மழைப் பக்கத்துக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன், தோலுறையை விடப் பிளாஸ்டிக் உறையும் நல்லது. ஊவாவின் காய்ந்த பக்கத்தில் இருப்பவர்கள், தினமும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் காபன் உருக்கே வாங்கலாம். வெறும் ஆற்றுக் கல்லிலும் சீக்கிரம் கூர் ஏறும்.

கொல்லரிடம் செய்வித்துக்கொள்வதையும் கையேடு சொல்ல வேண்டும். வெளிநாட்டில் மலிவு என்று விற்பது இங்கே வந்து சேரும்போது பல நாள் தோட்டச் சம்பளம். லொறியின் வில்லுப்பட்டையில் அடித்த கத்தி அதற்குச் சளைத்ததல்ல. எல்லாம் துவைச்சலில் இருக்கிறது. காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ப்பது துவைச்சல் என்றும், அதற்குப் பிறகு மெல்லிய சூட்டில் வைத்து முறியாத தன்மை கொடுப்பது பதமிடல் என்றும் இரண்டு சொல்லாகப் பிரித்துவைத்தால் நல்லது. துவைச்சல் மட்டும் போட்டுப் பதமிடாத கத்தி கண்ணாடி மாதிரி உடையும். வாங்கும்போது பழைய அரம் ஒன்றால் வாய்ப்பக்கம், அதாவது கூர் இருக்கிற பக்கம், மெதுவாகத் தேய்த்துப் பார்க்கலாம். அரம் வழுக்கினால் கடினம் ஏறியிருக்கிறது, கடித்து இழுத்தால் ஏறவில்லை. கொல்லரிடமே கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேட்காமல் தேய்த்தால் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

கடைசியாக, பதில்களில் வந்த "ஒற்றைச் சரிவு" என்ற சொல் பற்றி. மோராக் கத்தியில் இருக்கிற மாதிரி, தகட்டின் இரு பக்கமும் ஒரே ஒரு தட்டையான சரிவாக இறங்கி வாயில் முடிவதைச் சொல்ல வந்தது அது. சரிவு என்ற சொல் அருமை, மலைநாட்டுப் பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒற்றை என்றவுடன், தச்சரின் உளி போல ஒரு பக்கம் மட்டும் சீவியது என்று எடுத்துக்கொள்வார்கள். அது வேறு சங்கதி. ஆகவே "ஒருபடிச் சரிவு" என்போம். வாய்க்கு அருகில் இன்னொரு குட்டிச் சரிவு வைத்த கத்திகளுக்கு "இருபடிச் சரிவு". உளி மாதிரியானவை "ஒருபக்கச் சரிவு". புதிதாகத் தீட்டப் பழகுகிறவருக்கு ஒருபடிச் சரிவே நல்லது. அந்தச் சரிவைக் கல்லில் படிய வைத்தால் கோணம் தானாகக் கிடைத்துவிடும், கை நடுங்கினாலும் பரவாயில்லை.

முதுகு, வாய், முனை, பிடி, பூண், உறை எல்லாம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறவை. அவற்றுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம்.

விரல் வழுக்கி வாய்ப்பக்கம் போகாமல் பிடியின் முன்னால் நிற்கிற மேட்டுக்கு மட்டும் இன்னும் யாரும் எழுதவில்லை. நான் "விரல்தடை" என்று குறித்து வைத்திருக்கிறேன். மழையில் நனைந்த கையோடு வேலை செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் வேண்டிய உறுப்பு, ஆகவே படத்தில் பெயரோடு வர வேண்டும். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். வேர் என்ற சொல்லுக்கு மறுப்பு இருப்பவர்களும், முடிந்தால் பக்கத்து ஹாட்வெயார் கடையில் வேரையும் உங்கள் சொல்லையும் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைக்காரர் எதைக் காட்டினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஹப்புத்தளையிலிருந்து