மதுரை 1858 போட்டோக்கள்: எந்த இடம்னு கண்டுபிடிக்க உதவி வேணும்

கூடல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். லினேயஸ் டிரைப்னு ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மெட்ராஸ் அரசாங்கத்துக்குப் போட்டோகிராஃபரா இருந்தவர், 1858ல மதுரையில எடுத்த படங்கள உங்கள்ல நெறைய பேர் பாத்திருப்பீங்க, பிரிட்டிஷ் லைப்ரரி சைட்லயும் வேற ரெண்டு மூணு மியூசியம் சைட்லயும் கெடக்கு. அந்தப் படங்கள போன்ல ஏத்திக்கிட்டு அதே எடத்துல போயி நின்னு அதே கோணத்துல இன்னைக்கு ஒரு படம் எடுத்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தொகுப்பு பண்ணிக்கிட்டு இருக்கேன், நம்ம ஊர்ல எது நிக்குது எது போச்சுன்னு பிள்ளைங்க ஒரே பார்வையில பாத்துரணும்ங்கறதுதான் ஆசை.

புதுமண்டபம் எந்தச் சிரமமும் குடுக்கல, அந்தத் தூண்கள் எங்கயும் போகல, உள்ள இருந்த கடைகளக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துனதுக்கு அப்புறம் இப்பதான் டிரைப் பாத்த மாதிரியே தூண முழுசாப் பாக்க முடியுது. ராயகோபுரமும் அப்படித்தான், முடிக்காம விட்ட கோபுரம் முடியாமலே நிக்குது, அந்த ஒத்தக்கல் நிலைக்கால்கள வச்சே அளவு பிடிச்சுரலாம்.

மாட்டிக்கிட்டது மூணு எடத்துல. ஒண்ணு, வைகையும் அதுல ஒரு தரைப்பாலமும் தெரியற படம், எந்தக் கரையில நின்னு எடுத்தாருன்னு பிடிபடல, போதாததுக்கு நெட்ல ஒரு எடத்துல ஒரு மாதிரியும் இன்னொரு எடத்துல இடவலம் மாறியும் கெடக்கு. ரெண்டு, நாயக்கர் மஹால் படங்கள்ல இன்னைக்குக் காணாத இடிஞ்ச சுவருங்க நெறைய இருக்கு, அதெல்லாம் எந்தப் பக்கம்? மூணு, கோட்டைச் சுவர் ஒரு படத்துல கூட இல்லையே, அது ஏன்? இது போக தேதி போடாத ஆத்துப் படங்கள் கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன், அத எப்படிக் காலம் கணிக்கிறதுன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சங்கிலிக்கல்:

தம்பி, நான் சர்வே டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன், ஆத்துப் படத்துக்கு மட்டும் சொல்றேன். மீனாட்சி கோயில் கோபுரங்கள எண்ணுங்க, அது போதும். வடகரையில, அதாவது கோரிப்பாளையம் பக்கம் நின்னு தெக்க பாத்தா கிழக்குக் கோபுரம் உங்க இடது கைப்பக்கம் வரணும், மேற்குக் கோபுரம் வலது கைப்பக்கம், வடக்குக் கோபுரம் நமக்குக் கிட்ட, தெற்குக் கோபுரம் அதுக்குப் பின்னாடி. இருக்கறதுலயே உசரம் தெற்குக் கோபுரம்தான், அதனால அதை மத்ததோட குழப்பிக்க வாய்ப்பு கம்மி.

முக்கியமான சங்கதி என்னன்னா 1858ல வடக்குக் கோபுரம் இன்னைக்கு மாதிரி இல்ல. மொட்டைக் கோபுரம்னு சும்மா பேரு வரல, ரொம்ப காலம் மேல்தளம் முடிக்காம மொட்டையாத்தான் நின்னுச்சு, 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியிலதான் மேல எழுப்புனாங்க. அதனால டிரைப் படத்துல மேல ஒண்ணுமில்லாமக் கட்டையா ஒண்ணு தெரிஞ்சா அதுதான் வடக்கு. அந்தக் கட்டை நமக்குக் கிட்ட இருந்தா நீங்க நிக்கறது வடகரை, தீர்ந்துச்சு. முழுக் கோபுரமா நின்னா அது டிரைப் படமே இல்ல, பின்னாடி யாரோ எடுத்தது, தலைப்பு தப்பாப் போட்டிருக்காங்கன்னு வச்சுக்கங்க.

இடவலம் மாறுன சந்தேகமும் இதுலயே தீரும். வடகரையில இருந்து பாக்கற படத்துல கிழக்குக் கோபுரம் வலது பக்கம் வந்துச்சுன்னா படம் திரும்பியிருக்கு. டிரைப் பெரும்பாலும் எடுத்தது கண்ணாடித் தகடுல இல்ல, மெழுகு ஏத்துன காகித நெகட்டிவ்ல. அது ரெண்டு பக்கமும் ஒளி ஊடுருவுற சாமான், மாத்தி வச்சாலும் பிரிண்ட் விழும். அது போக இப்ப நெட்ல போடறவங்க திருப்பி விடறதும் உண்டு. அதனால எந்தப் படத்தையும் திசை பாக்காம நம்பாதீங்க.

தேதி இல்லாத ஆத்துப் படத்துக்கு ரெண்டு பாலம் கைகொடுக்கும். திருச்சியில இருந்து ரயில் மதுரைக்கு வந்தது 1875, ரோட்டுப் பாலமான ஏ.வி. பாலம் 1889. ரெண்டு பாலமும் இல்லைன்னா 75க்கு முந்தி, ரயில் பாலம் மட்டும் இருந்தா நடுவுல, ரெண்டும் இருந்தா 89க்கு அப்புறம். ஆனா படம் ஆத்த எந்த அளவுக்கு உள்ள வாங்கியிருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஃப்ரேமுக்கு வெளிய இருக்கறத இல்லைன்னு எழுதிறக் கூடாது.

மஹால்தெருக்காரி:

நான் பொறந்து வளந்தது மஹால் பக்கத்துத் தெரு, அதனால இது எனக்குச் சொல்லியே ஆகணும். தம்பி, நீங்க கேக்கற இடிஞ்ச சுவருங்க எங்கிட்டுன்னா, இன்னைக்கு நாங்க குடியிருக்கற தெருக்கள்தான்! 1636ல திருமலை நாயக்கர் கட்டுன அரண்மனையில இப்ப நிக்கறது நாலுல ஒரு பங்குதான்னு சொல்லுவாங்க. அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரத் திருச்சிக்குக் கொண்டு போனப்ப இங்கருந்து பிரிச்சு அங்கிட்டுக் கொண்டு போனது ஒரு பகுதி, மிச்சம் கவனிப்பாரில்லாம விழுந்தது. சொர்க்க விலாசமும் நாடகசாலையும்தான் முழுசாத் தப்பிச்சுச்சு.

ஆனா போட்டோவுல மஹாலப் பாத்துட்டு இப்ப இருக்கற மஹாலோட அப்படியே பொருத்தப் பாக்காதீங்க. டிரைப் எடுத்தப்ப அது பாழ், செங்கல் வெளிய தெரியுது, மேல செடி மொளச்சுக் கெடக்கு. அதுக்கப்புறம்தான் லார்ட் நேப்பியர் கவர்னரா இருந்தப்ப, 1866ல ஆரம்பிச்சு 1872 வரைக்கும் பழுதுபாத்தாங்க. சுண்ணாம்புப் பூச்சு, சுதை வேலை எல்லாம் அப்ப திரும்பப் பண்ணது எவ்வளவோ இருக்கு. அதனால பூச்சப் பாத்து அடையாளம் சொல்லாதீங்க, தூண் எத்தனை, வளைவு எத்தனை, ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் எடவெளி எவ்வளவு, அதை வச்சுப் பாருங்க. நடுவுல எட்மண்ட் லயன்னு இன்னொருத்தர் 1868 வாக்குல எடுத்த படங்களும் இருக்கு, டிரைப் படம், லயன் படம், இன்னைக்குப் படம்னு மூணா வச்சீங்கன்னா வேலை நடந்ததே கண்ணுக்குத் தெரியும், ரெண்டு மட்டும் வச்சா அந்தக் கதை விட்டுப் போயிரும்.

கட்டாயம் பத்துத்தூண் சந்துக்குப் போங்க. வீடும் கடையும் நெருக்கிக் கட்டியிருக்கற சந்துக்குள்ள பத்துப் பெரிய தூண் வரிசையா நிக்கும், கூரை கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதுவும் அரண்மனையைச் சேந்தது, ரங்கவிலாசம் பக்கம்னு சொல்றாங்க. வெளியூர்ல இருந்து வர்றவங்க மஹால்ல ஒலி ஒளி காட்சி பாத்துட்டுக் கெளம்பிருவாங்க, ரெண்டு தெரு தள்ளி இது நிக்குதுன்னே தெரியாது, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அரண்மனை எம்புட்டுத் தூரம் பரவி இருந்துச்சுன்னு அந்தச் சந்துல நின்னாத்தான் புரியும். பக்கத்துலயே நவபத்கானா தெரு, அரண்மனையில முரசு மேளம் வாசிச்ச எடம், கட்டடம் போயும் தெருப்பேரு நிக்குது.

படித்துறை:

கோட்டைக் கேள்விக்கு நான். டிரைப் வர்றதுக்கு முன்னாடியே கோட்டையை இடிச்சாச்சு, அதான் படத்துல இல்ல. 1840கள்ல கலெக்டரா இருந்த பிளாக்பர்ன், ஊரு நெருக்கமாப் போச்சுன்னு சுவர இடிச்சு அகழிய மூடச் சொன்னாரு, இடிச்சு மட்டம் பண்ணிக்கிட்டவங்களுக்கு அந்த எடமே கொடுத்தாங்கன்னு சொல்றது. அந்த வேலையப் பாத்த சர்வேயர் மாரட் பேருல மாரட் வீதி, மேற்பார்வை பாத்த பெருமாள் பேருல பெருமாள் மேஸ்திரி வீதி. நம்ம தினம் நடக்கற வீதியே கோட்டை இருந்த கோடுதான். மேப்புல வெளி வீதிகளையும் பெருமாள் மேஸ்திரி, மாரட் வீதிகளையும் ஒரு கலர்ல வரைங்க, கோட்டை தானா எந்திரிச்சு நிக்கும்.

மிச்சம்னு பாத்தா பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேற்குக் கோட்டையோட ஒரு துண்டு நிக்குது. கோயிலுக்குக் கிழக்க விட்டவாசல், அது நாயக்கர் கோட்டைக்கும் முந்துன பாண்டியர் கோட்டை வாசல்னு சொல்றாங்க, எல்லாத்தையும் இடிச்சு அதை மட்டும் விட்டதால அந்தப் பேரு.

இன்னொண்ணு, நீங்க பட்டியல்ல விட்டது. டிரைப் படத்துல பிளாக்பர்ன் டெஸ்டிமோனியல்னு ஒரு தலைப்பு வரும், அது வேற எதுவும் இல்ல நம்ம விளக்குத்தூண்! அந்தக் கலெக்டருக்கு நன்றியா ஊர்க்காரங்க வச்ச விளக்கு. சுத்தியும் வெட்டவெளியா அவரு எடுத்தது இப்ப ஜவுளிக்கடையும் ஆட்டோவும் சூழ்ந்து நிக்குது. உங்க ஜோடிப் படத்துல முதல் பக்கத்துக்கு அதைத்தான் போடுவேன்.

கூடல்வாசி:

ஐயா, அக்கா, படித்துறை, மூணு பேருக்கும் பெரிய நன்றி. சங்கிலிக்கல் ஐயா சொன்னபடி பாத்தேன், மொட்டைக் கோபுரம் முன்னாடி நிக்குது, கிழக்குக் கோபுரம் இடது பக்கம், அப்ப மியூசியம் சைட்ல இருக்கறது சரி, வாட்ஸாப்ல சுத்தறதுதான் திரும்புன படம். மஹாலுக்கு லயன் படத்தையும் சேக்கறேன். இன்னொரு சந்தேகம், படத்துல ஆளே இல்லாம ஊரு காலியாக் கெடக்கே, அப்ப சனமே கம்மியா?

நிழல்பெட்டி:

இதுக்கு நான் சொல்றேன், பழைய முறையில கேமரா வேலை பாத்துப் பழகுனவன். ஊரு காலி இல்ல, அந்தக் காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் காட்டற நேரம் ரொம்ப அதிகம், நடந்து போறவன், மாட்டு வண்டி எல்லாம் பதியாது, அசையாம நின்னவன் மட்டும் விழுவான். உத்துப் பாத்தா சில எடத்துல புகை மாதிரி ஒரு தடம் இருக்கும், அது ஆளு. வானமும் அப்படித்தான், டிரைப் நெகட்டிவ் மேல கையாலேயே மேகம் தீட்டுன படங்கள் உண்டு, அதைப் பாத்து மழைக்காலத்துல எடுத்ததுன்னு எழுதிறாதீங்க.

ரொம்ப அழுத்திச் சொல்றது ஒண்ணு. இப்ப ஏஐ போட்டுக் கலர் ஏத்தித் தெளிவாக்குன பழைய மதுரைப் படங்கள் நெறைய சுத்துது, தயவுசெஞ்சு அதுல இருந்து அடையாளம் பிடிக்காதீங்க. மங்கலா இருக்கற எடத்துல அது தானா ஜன்னல் வைக்கும், சிலைக்கு மூஞ்சி வரையும். இல்லாத ஜன்னலத் தேடித் தெருத்தெருவா அலைவீங்க. மியூசியம் வச்சிருக்கற ஸ்கேன மட்டும் எடுங்க, பெருசு பண்ணித் தெரியலைன்னா தெரியலைன்னே விடுங்க.

அதே கோணம்னா அதே எடத்துல நின்னா மட்டும் போதாது, கேமரா உசரமும் பாக்கணும். முன்னாடி இருக்கற தூணோட விளிம்பு பின்னாடி இருக்கற கோபுரத்த எங்க வெட்டுதுன்னு பழைய படத்துல குறிச்சுக்கங்க, போன ஏத்தி இறக்கி முன்ன பின்ன நகந்து அதே எடத்துல வெட்டற வரைக்கும் பாருங்க. ஜூம் பண்ணாதீங்க, நடந்து போங்க.

மஹால்தெருக்காரி:

டிரைப் படத்தோட நிறுத்திறாதீங்க தம்பி. எழுகடல் குளம்னு கோயிலுக்குக் கிழக்க ஒரு தெப்பம் இருந்துச்சு, இப்ப அங்க கடை வளாகம். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில தங்கம் தியேட்டர், 1952ல தெறந்தது, ஆசியாவுலயே பெருசுன்னு பேசுவோம், இப்ப ஜவுளிக்கடை. இதுக்கெல்லாம் வெள்ளைக்காரன் படம் வராது, நம்ம வீட்டு ஆல்பத்துலதான் இருக்கும். எங்க சித்தி கல்யாண ஊர்வலப் படத்துல மாப்பிள்ளை காருக்குப் பின்னாடி தியேட்டர் போர்டு பாதி தெரியுது, ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்.

கூடல்வாசி:

அக்கா, அனுப்புங்க, காத்துக்கிட்டு இருக்கேன். மத்தவங்களும் வீட்டுல பழைய படம் இருந்தா அனுப்புங்க, முகத்த மறைச்சுக்கூட அனுப்பலாம், எனக்கு வேணுங்கறது பின்னாடி தெரியற தெருதான். 600 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க, படத்தோட பின்பக்கத்தையும் சேத்து, ஸ்டுடியோ முத்திரையோ தேதியோ அங்கதான் இருக்கும். போஸ்ட் கார்டா இருந்தா ஸ்டாம்ப்பும் தெரியற மாதிரி, எட்வர்டு ராஜா தலை இருந்தா 1902ல இருந்து 1911க்குள்ள வித்தது. தபால் முத்திரை அனுப்புன தேதி மட்டும்தான், படம் அதுக்கும் பல வருஷம் முந்தி எடுத்ததா இருக்கலாம், அதனால ரெண்டையும் தனித்தனியாக் குறிச்சுக்கறேன். முதல்ல விளக்குத்தூண் ஜோடியப் போடறேன், ஞாயித்துக்கிழமை காலையில வெளிச்சம் வந்ததும் ஆட்டோ கம்மியா இருக்கறப்ப எடுக்கலாம்னு இருக்கேன், அந்தப் பக்கம் இருக்கறவங்க யாராச்சும் கூட வந்தா நல்லாருக்கும்.