அத்தையை வாசலில் உட்கார விடலாமா?

திருச்சிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் ஊரைத் தாண்டி, புதுசாக மனை பிரித்த நகரில் இருக்கிறோம். தெருவில் பதினோரு வீடு, நடுவில் நாலு காலி மனை, அதில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் மஸ்கட்டில், மகன் கோவையில் படிக்கிறான். வீட்டில் நானும் 76 வயது மாமியாரும்தான்.

போன மாதம் இரண்டு தெரு தள்ளி, கல்யாணத்துக்குப் போயிருந்தவர்கள் வீட்டுப் பூட்டை உடைத்து எட்டு பவுனை எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து நகர் வாட்ஸப் குழுவில் ராத்திரி பூரா சிசிடிவி வீடியோதான். ஒருத்தன் சுவர் ஏறுகிறான், ஒருத்தன் ஜன்னலில் டார்ச் அடிக்கிறான். எந்த ஊர், எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று விடாமல் பார்த்துவிடுகிறேன். ஒரு மணிக்கு எழுந்து முன்கதவுத் தாழ்ப்பாள், மூணு மணிக்குப் பின்கதவு. பூனை ஓடினால்கூட நெஞ்சு படபடக்கிறது.

ஆனால் மனசை அறுப்பது வேறு. அத்தை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல்படியில் உட்கார்ந்து பூ கட்டுவார். மடியில் உதிரி மல்லி, பக்கத்தில் கிண்ணத்துத் தண்ணீரில் வாழைநார். போகிறவர் வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார். இப்போது, "உள்ள வாங்கத்தே" என்று கேட்டைப் பூட்டுவது நான்தான். டிவி முன்னால் உட்கார்ந்து கட்டுகிறார், வாயே திறப்பதில்லை.

எவ்வளவு செய்தால் போதும்? எதை விட்டுவிடலாம்?

ரிட்டயர்டு ஏட்டு:

அம்மா, நான் 31 வருஷம் காவல்துறையில் இருந்தவன், பாதி ராத்திரி ரோந்திலேயே போனது. என் அனுபவத்தில் வீடு உடைக்கிறவன் தேடுவது ஆளில்லாத வீட்டை. வெளியே தொங்கும் பூட்டு, எடுக்காத பேப்பர், கோலம் போடாத வாசல், பகலிலும் எரியும் வெளி லைட்டு. இவைதான் அவனுக்கு அடையாளம். நீங்கள் இருவரும் உள்ளே இருக்கும் வீடு அவன் கணக்கில் பின்னால்தான் வரும்.

ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் முகவரியும் தேதியும் எழுதிக் கொடுங்கள். காசு கிடையாது. ரோந்தில் சேர்த்துக்கொள்வார்கள். பட்டா புத்தகம் (ரோந்துப் போலீஸ் எழுதும் நோட்டு) வைத்தால், வந்து போன நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊர்க்காரர்கள் அடித்தார்கள். 65 வயது அம்மா ஒருவர் செத்தே போனார். அந்தப் பயம் வாட்ஸப் வீடியோக்களில் வந்தது. ஊர் பேர், தேதி இல்லாத வீடியோவை நம்பாதீர்கள், அடுத்தவருக்கு அனுப்பவும் அனுப்பாதீர்கள்.

கதவு ஆசாரி:

அக்கா, பூட்டு எவ்வளவு பெரிசு என்று பார்க்காதீங்க. கடப்பாரை போடுகிறவன் பூட்டைத் தொட மாட்டான், கொண்டியையும் நாதாங்கியையும் நெம்புவான். முக்கால் இஞ்ச் ஸ்க்ரூவில் நிற்கிற நாதாங்கி ஒரே நெம்பில் கையோடு வந்துவிடும். நிலையில் துளை போட்டு, போல்ட் விட்டு, உள்பக்கம் நட்டு முறுக்கச் சொல்லுங்க. முன்கதவுக்குத் தேக்கு போட்டுவிட்டு பின்பக்கம் பிளைவுட் கதவோடு விட்டுவிடுகிற வீடு நிறைய பார்த்துவிட்டேன். பின்கதவுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை போதும், ராத்திரி மாட்டிவிட்டுப் படுத்துக்கலாம். கிரில் கேட்டுக்குப் பூட்டு உள்பக்கம் தொங்கட்டும். அரை நாள் வேலைதான்.

தாம்பரம் மருமகள்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பட்டப்பகலில் பைக்கில் வந்தவன் அட்ரஸ் கேட்கிற மாதிரி நின்று செயினை அறுத்துக்கொண்டு போனான். அதனால் அத்தை உட்காரட்டும், ஆனால் கழுத்தில் கிடப்பது முந்தானைக்குள் இருக்கட்டும். யாராவது வண்டியில் இருந்தபடி விலாசம் கேட்டால் எழுந்து கிட்டே போக வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லட்டும்.

நகையை லாக்கரில் வைத்துவிடுங்கள். 2022 ஜனவரியிலிருந்து, லாக்கரில் திருட்டு நடந்தால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கியின் பொறுப்பு. வாடகை 2,000 என்றால் 2 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது பற்றாது, நகைக்குத் தனியாக இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்காருவதை மட்டும் நிறுத்தாதீர்கள். வாசலில் ஒரு பெரியவர் இருக்கிற தெருவில் புது ஆள் நின்றால் "யாரு வேணும் தம்பி"ன்னு ஒரு குரல் வரும். கேமரா அதைக் கேட்காது.

திருச்சிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. "யாரு வேணும் தம்பி" அத்தை சொல்கிற வார்த்தையேதான். படித்ததும் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை ஆசாரி வந்தார். எங்கள் நாதாங்கியைக் கழற்றிக் காட்டினார், ஸ்க்ரூ சுண்டுவிரல் நகம் நீளம்கூட இல்லை. ஆறு வருஷமாக அதை நம்பித்தான் தூங்கியிருக்கிறோம். இப்போது போல்ட் போட்டாயிற்று, பின்கதவுக்குப் பட்டையும் வந்துவிட்டது. காலி மனைக் கருவேலத்தை வெட்ட நாலு வீட்டுக்காரர்கள் பணம் போடுகிறோம். குழுவைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன், காலையில் ஒரு தரம் பார்ப்பதோடு சரி.

ஒரு மணிக்கு இன்னும் விழிப்பு வருகிறது. பட்டை மாட்டியது ஞாபகம் இருப்பதால் எழுந்து போவதில்லை.

நேற்று நாலரைக்கே அத்தை நாரை ஊறப் போட்டுவிட்டார்.