ஈஆர்பிநெக்ஸ்ட்: படிவத்தில் கணக்குப் போடும் ஸ்கிரிப்ட், எக்செல் ஏற்றும்போது மட்டும் ஓடவில்லை. உதவி தேவை

கேட்டவர் (திருப்பூர், பின்னலாடைக் கணக்குப் பிரிவு)

வணக்கம். எங்கள் கம்பெனியில் ஈஆர்பிநெக்ஸ்ட் 15 (கணக்கு, ஸ்டாக் எல்லாம் பார்க்கும் நிர்வாக மென்பொருள்), சொந்த சர்வரில் ஓடுகிறது. கிரே துணி (சாயம் ஏற்றாத துணி) டையிங்குக்குப் போய் வருவதைப் பதிய 'டையிங் வரவு' என்று ஒரு டாக்டைப் (பதிவு வகை) உருவாக்கி வைத்திருக்கிறோம். அனுப்பிய எடை, வந்த எடை, லாஸ் சதவீதம், குறிப்பு, அவ்வளவுதான் அதில்.

லாஸ் சதவீதத்துக்குக் கிளையன்ட் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். வந்த எடையை அடித்து டேப் தட்டினால் உடனே கணக்காகிவிடும். 400 கிலோ போய் 374 கிலோ வந்தால் 6.5 என்று நிற்கும். ஆனால் டையிங் யூனிட்டிலிருந்து மாதக் கடைசியில் வரும் எக்செல்லை டேட்டா இம்போர்ட்டில் ஏற்றினால் எல்லா லாட்டிலும் லாஸ் 0. ஏதாவது ஒரு லாட்டைத் திறந்து, எடையை அழித்துவிட்டு அதே எடையை மறுபடி அடித்தால் சரியாகிறது. நூற்றுக்கணக்கான லாட்டை அப்படித் திறக்க முடியாது.

சர்வர் ஸ்கிரிப்டும் எழுதிப் பார்த்தேன், 'ஆஃப்டர் சேவ்' (சேமித்த பிறகு) நிகழ்வில். ஏற்றிய லாட்டைத் திறந்து குறிப்பை மட்டும் மாற்றிச் சேமித்தால் திரையில் 6.5 வருகிறது. பக்கத்தை ரீலோட் செய்தால் மறுபடி 0! கடைசியில் டாக்.சேவ் (பதிவைச் சேமி) என்று ஒரு வரி சேர்த்தால் ரிகர்ஷன் எர்ரர் (தன்னைத்தானே முடிவின்றிக் கூப்பிடும் பிழை). லாஸ் 8 சதவீதம் தாண்டினால் டெபிட் நோட் (இழப்பை யூனிட்டின் கணக்கில் கழிக்கும் சீட்டு) போட வேண்டும், அதனால் இந்த எண் தப்பக்கூடாது. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் (ஈஆர்பிநெக்ஸ்டின் அடித்தளமான ஃப்ராப்பேயில் டெவலப்பர், கோவை)

மூன்று சிக்கலுக்கும் காரணம் ஒன்றுதான்: ஸ்கிரிப்ட் எங்கே, எப்போது ஓடுகிறது என்பது.

கிளையன்ட் ஸ்கிரிப்ட் பிரவுசரில் ஓடுவது. ஒருவர் படிவத்தைத் திறந்தால்தான் அது ஓடும், உங்கள் கணக்கு கையால் எடைப் புலத்தை மாற்றினால்தான் எழும். டேட்டா இம்போர்ட் படிவத்தைத் திறப்பதே இல்லை, சர்வரிலேயே ஆவணத்தை உருவாக்கிச் சேமித்துவிடுகிறது. ஏபிஐ (வேறு மென்பொருள் நேராகப் பேசும் வழி) வழியாக வரும் பதிவுக்கும் இதே கதைதான். ஆக, பணம் சார்ந்த எந்தக் கணக்கும் கிளையன்ட் ஸ்கிரிப்டில் மட்டும் இருக்கக்கூடாது. தட்டச்சு செய்பவருக்கு உடனே எண் தெரியட்டும் என்பதற்காக அதை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கணக்கு சர்வரில் நடக்கட்டும்.

அடுத்து ஆஃப்டர் சேவ். அந்த நிகழ்வு வரும்போது டேட்டாபேஸில் எழுதி முடித்தாகிவிட்டது. நீங்கள் மாற்றுவது நினைவகத்தில் இருக்கும் டாக்கை மட்டும். அந்த டாக்தான் பிரவுசருக்குத் திரும்பி வருகிறது, அதனால் திரையில் 6.5 தெரிகிறது. ரீலோட் செய்ததும் டேட்டாபேஸில் உள்ள பழைய 0 வந்துவிடுகிறது. அங்கே டாக்.சேவ் போட்டால், சேமித்ததும் ஸ்கிரிப்ட் ஓடும், ஸ்கிரிப்ட் மறுபடி சேமிக்கும், அது மறுபடி ஸ்கிரிப்டை எழுப்பும். முடிவே இல்லை.

நிகழ்வை 'பிஃபோர் சேவ்' என்று மாற்றுங்கள். உள்ளே லாஸ் புலத்துக்கு மதிப்பைக் கொடுத்தால் போதும், சேவ் என்ற சொல்லே வேண்டாம். பிறகு நடக்கும் சேமிப்பில் அதுவும் சேர்ந்து போகும். இன்னொரு நன்மை, யூனிட்காரர்கள் எக்செல்லில் தாங்களே ஒரு லாஸ் எண்ணைப் போட்டு அனுப்பினாலும் உங்கள் கணக்குதான் நிற்கும்.

வேறொருவர்

ஆஃப்டர் சேவ்லேயே டிபி_செட் (டேட்டாபேஸில் நேராக எழுதும் கட்டளை) போட்டாலும் வேலை நடக்குமே? நாங்கள் ஓர் இடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

கோவை டெவலப்பர்

நடக்கும். ஆனால் ஒரே ஆவணத்தை இரண்டு முறை எழுதுகிறீர்கள், அதோடு டிபி_செட் பிஃபோர் சேவ் சரிபார்ப்புகளை எழுப்பாது. சேமித்த பிறகுதான் கிடைக்கும் ஒரு மதிப்பை எழுத அது சரி. இங்கே இரண்டு எடையும் முன்பே கையில் இருக்கின்றன, அதனால் தேவையில்லை.

கேட்டவர்

அண்ணா, பிஃபோர் சேவ் போட்டதும் ரீலோட் செய்தாலும் 6.5 நிற்கிறது. மிக்க நன்றி. இப்போது இம்போர்ட்டில் சில வரிகள் மட்டும் பூஜ்யத்தால் வகுக்கிறாய் என்று எர்ரர் காட்டுகின்றன. அப்புறம் துணி ரோல் அட்டவணையிலிருந்து மொத்த எடையைக் கூட்ட, புலத்தின் மேலேயே += (இருப்பதோடு கூட்டு) போட்டேன். அதைச் சர்வர் ஸ்கிரிப்ட் ஏற்கவே இல்லை. மேலே பைதானின் இம்போர்ட் வரி ஒன்றைச் சேர்த்து மேத் மாட்யூலைக் கூப்பிட்டாலும் எர்ரர்.

கோவை டெவலப்பர்

சர்வர் ஸ்கிரிப்ட் முழு பைதான் இல்லை. ரெஸ்ட்ரிக்டட் பைதான் என்ற கட்டுப்படுத்திய சூழலில் ஓடுகிறது. உலாவியில் உட்கார்ந்து எழுதும் கோடு சர்வரையே கைப்பற்றிவிடக்கூடாது என்பதற்கான வேலி அது. அதனால் பைதான் இம்போர்ட் வரி கிடையாது, டாக்கின் புலத்தின் மேல் நேராக += போடவும் முடியாது. 'மொத்தம்' என்று தனி மாறி வைத்து, 0-வில் தொடங்கி, ஒவ்வொரு ரோலின் எடையையும் அதில் கூட்டி, கடைசியில் ஒரே முறை புலத்துக்குக் கொடுங்கள்.

பூஜ்ய எர்ரர் வரும் வரிகளில் அனுப்பிய எடை காலியாக இருக்கும், எக்செல்லில் பாருங்கள். எடைகளை ஃப்ராப்பே.யுடில்ஸ்.எஃப்எல்டி வழியாக எடுத்தால் காலியிடம் 0 ஆகிவிடும். பிறகு, அனுப்பிய எடை 0 என்றால் வகுக்காமல் ஃப்ராப்பே.த்ரோ (பிழை காட்டிச் சேமிப்பை நிறுத்தும் கட்டளை) போட்டு 'அனுப்பிய எடை இல்லை' என்று லாட் எண்ணோடு சொல்லிவிடுங்கள். இம்போர்ட்டில் அந்த வரி மட்டும் நிற்கும், மற்றவை ஏறிவிடும். நின்ற வரிகளைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய அந்தப் பக்கத்திலேயே பட்டன் வரும், அதை அப்படியே யூனிட்டுக்கு அனுப்பிவிடலாம்.

8 சதவீதத்துக்கு மட்டும் த்ரோ போடாதீர்கள். துணி கொடவுனுக்கு வந்துவிட்டது, அதன் பதிவைத் தடுத்தால் ஸ்டாக் தப்பும். 'டெபிட் நோட் பார்க்க' என்று ஒரு டிக் புலம் வைத்து, 8 தாண்டினால் அதை 1 ஆக்குங்கள். லிஸ்ட்டில் அதை வைத்து வடிகட்டலாம்.

கேட்டவர்

சரி அண்ணா, அப்படியே செய்கிறேன். ஏற்கனவே 0 என்று ஏறிக் கிடக்கும் பழைய லாட்டுகளுக்கு என்ன செய்வது? ஒரு பட்டன் வைத்துத் தட்டினால் எல்லாம் திருந்துமா?

கோவை டெவலப்பர்

வைக்கலாம். இரண்டு துண்டு வேலை அது. கிளையன்ட் ஸ்கிரிப்டின் ரெஃப்ரெஷ் (படிவம் திறக்கும்போது வரும்) நிகழ்வில் ஆட்_கஸ்டம்_பட்டன் கொண்டு 'மறுகணக்கு' பட்டனை வையுங்கள். அது ஃப்ராப்பே.கால் மூலம் ஒரு சர்வர் ஸ்கிரிப்டைக் கூப்பிடும். அந்த ஸ்கிரிப்டின் வகை 'ஏபிஐ'. உள்ளே லாஸ் 0 ஆக இருக்கும் லாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கெட்_டாக் செய்து சேவ் செய்யுங்கள். லாட்டின் சேவ் நிகழ்வுக்கு வெளியே, தனி ஸ்கிரிப்டிலிருந்து சேவ் செய்வதால் ரிகர்ஷன் வராது, பிஃபோர் சேவ் கணக்கு தானாக ஓடும். ஃப்ராப்பே.டிபி.செட்_வேல்யூ வேண்டாம், அது அந்தக் கணக்கைத் தொடாது.

கவனிக்க வேண்டியது மூன்று. லாட்டுகளை எடுக்க கெட்_லிஸ்ட் பயன்படுத்துங்கள். கெட்_ஆல் பயனரின் அனுமதியைப் பார்க்காது. 'அலோ கெஸ்ட்' (லாகின் இல்லாதவருக்கும் அனுமதி) டிக் காலியாகவே இருக்கட்டும். இன்னொன்று, ஏபிஐ முகவரியைப் பிரவுசரில் நேராக அடித்துச் சோதிக்காதீர்கள். அது கெட் (படிக்க மட்டுமான) கோரிக்கையாகப் போகும், முடிவில் மாற்றங்கள் கமிட் ஆகாது (நிலையாகப் பதியாது). எல்லாம் ஓடியது போலத் தெரியும், டேட்டாபேஸில் ஒன்றும் இருக்காது. பட்டன் வழியாகப் போனால் போஸ்ட் (எழுதும் கோரிக்கை), கமிட் ஆகிவிடும்.

வேறொருவர்

இதைப் படித்து முயல்பவர்களுக்கு: 15-ஆம் பதிப்பிலிருந்து சர்வர் ஸ்கிரிப்ட் இயல்பாக மூடியே வரும். பெஞ்ச் (சர்வரில் ஃப்ராப்பேயை நடத்தும் கருவி) அமைப்பில் சர்வர்_ஸ்கிரிப்ட்_எனேபிள்டு என்பதை 1 ஆக்க வேண்டும். எழுதுபவருக்கு 'ஸ்கிரிப்ட் மேனேஜர்' ரோலும் (பயனர் அனுமதி) வேண்டும்.

கேட்டவர்

பட்டன் வேலை செய்கிறது. பழைய லாட்டுகளில் எண் வந்துவிட்டது. சப்மிட் செய்த (இறுதியாக்கிய) சில லாட்டுகளில் மட்டும் எண் வரவில்லை, 0 அப்படியே நிற்கிறது.

கோவை டெவலப்பர்

சப்மிட் ஆனவற்றில் 'அலோ ஆன் சப்மிட்' டிக் உள்ள புலங்களை மட்டும்தான் மாற்ற முடியும். அதோடு அவற்றுக்குப் பிஃபோர் சேவ் ஓடாது, 'பிஃபோர் சேவ், சப்மிட்டட் டாகுமென்ட்' என்று தனி நிகழ்வு இருக்கிறது. சில லாட்டுகள்தான் என்றால் கேன்சல், அமெண்ட் (திருத்த நகல்) செய்து மறுபடி சப்மிட் செய்யுங்கள். ஆடிட்டருக்கும் எது எப்போது மாறியது என்று தெரியும். பட்டன் ஸ்கிரிப்டில் டாக்ஸ்டேட்டஸ் 0 (இன்னும் சப்மிட் ஆகாதவை) என்று ஒரு வடிகட்டியைச் சேர்த்துவிட்டால் சப்மிட் ஆனவற்றை அது தொடாது.