ஸ்னோபோர்டில் ஆபாசப் படம்: குடும்ப ரிசார்ட்டில் விடுவார்களா, மறைக்க வழி உண்டா?

கேள்வி (மலைச்சரிவு):
செகண்ட் ஹேண்டில் 156 செ.மீ. ஸ்னோபோர்டு (பனிச்சறுக்குப் பலகை) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வளைவு, விளிம்பு எல்லாம் சுத்தம். ஆனால் டாப்ஷீட்டில் (கால் வைக்கும் மேல்பக்கம்) அரைநிர்வாணப் பெண் படம், பேஸில் (பனியில் சறுக்கும் அடிப்பக்கம்) நடுவிரல் காட்டும் கை. அமெரிக்காவில் குழந்தைகள் பயிற்சி வகுப்பு நடக்கும் ரிசார்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மலை மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் வாசலில் நிறுத்துவார்களா? மேலே வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டினால் தாங்குமா?

பதில் 1 (கேபிள்கார்):
நிறுத்தலாம், அதற்கு உரிமை உண்டு. லிஃப்ட் டிக்கெட் நிபந்தனைக்கு உட்பட்ட அனுமதிதான். பேச்சுச் சுதந்திரம் என்று வாதாடுவது செல்லாது, அதைத் தரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. மேற்கு மாநிலங்களில் பல ரிசார்ட்டுகள் வனத்துறை நிலத்தில் இருந்தாலும், நடத்துவது பெர்மிட் வாங்கிய தனியார் கம்பெனி.

நடைமுறை வேறு. 2008-ல் பர்ட்டன் என்ற ஸ்னோபோர்டு கம்பெனி பிளேபாய் படங்கள் போட்ட 'லவ்' வரிசையையும், விரலை வெட்டிக்கொள்வது போன்ற கார்ட்டூன் போட்ட 'ப்ரிமோ' வரிசையையும் இறக்கியது. வெர்மான்ட்டின் பர்லிங்டனில் அவர்கள் தலைமை அலுவலகம் முன்னாலேயே ஆர்ப்பாட்டம் நடந்தது. கம்பெனி போர்டுகளைத் திரும்பப் பெறவில்லை. வெய்ல் ரிசார்ட்ஸ் போன்ற ரிசார்ட் கம்பெனிகள், பணியில் இருக்கும் ஊழியர்கள் அவற்றில் ஏறக்கூடாது என்றதோடு நிறுத்திக்கொண்டன. காசு கொடுத்து வருகிறவர்கள் மீது கை வைக்கவில்லை. ஊழியருக்குச் சீருடை விதி ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஒரு வரி சேர்த்தால் போதும். விருந்தினருக்கு விதி போட்டால் மண்டையோடு சரியா, கஞ்சா இலை சரியா என்று லிஃப்ட் பையன் வரிசையில் நின்று பஞ்சாயத்து பண்ண வேண்டும். அவன் வேலை நாற்காலியில் ஆளை ஏற்றுவது.

இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து கெஸ்ட் சர்வீஸுக்கு மெயில் போடுங்க. சரி என்றால் அந்த பதிலை போனில் வைத்துக்கொள்ளுங்க.

பதில் 2 (பைண்டிங்குரு):
டாப்ஷீட்டை மறைக்கலாம், தாங்கும். முறையாகச் செய்யணும்.

காஸ்ட் வினைல் வாங்குங்க, காருக்கு ஒட்டும் ரகம். விளம்பரப் பலகைக்கு ஒட்டும் மலிவு காலண்டர்டு ரகம் குளிரில் சுருங்கி ஓரத்தில் எழும்பும். உங்கள் போர்டுக்கு 165 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலத் துண்டு போதும்.

பூட்டைப் போர்டோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கின் கோணத்தைப் போட்டோ எடுத்துவிட்டு அதைக் கழற்றுங்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு தடவை துடையுங்க. மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ மிச்சமிருந்தால் ஒட்டாது. அறை வெப்பம் 20 டிகிரி அளவில் இருக்கட்டும், குளிர்ந்த கராஜில் வேண்டாம். நடுவில் ஆரம்பித்து இரண்டு முனைக்கும் தேய்த்துக்கொண்டே போங்க. வளைந்த முனைகளில் ஹேர் டிரையர் சூடு. வினைலை இரும்பு விளிம்பு வரை கொண்டுபோகாதீங்க, 4 மி.மீ. உள்ளேயே நிறுத்தி வெட்டுங்க. விளிம்பைத் தொட்டால் விளிம்பை முதல் முறை தீட்டும்போதே அரம் கொத்திக் கிழிக்கும். ஒட்டியபின் ஒரு நாள் தொடாதீங்க.

பலரும் கோட்டை விடுவது பைண்டிங் அடியில்தான். பைண்டிங் நடுவில் இருக்கும் வட்டத் தகடான டிஸ்க்குக்கும் டாப்ஷீட்டுக்கும் நடுவே வினைல் இருந்தால் அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கும், டிஸ்க்கைப் பிடிக்கும் M6 ஸ்க்ரூ லூஸாகும். பைண்டிங்கின் அடித்தட்டு (பேஸ்பிளேட்) உட்காரும் இடத்தை அளந்து, வெளிக்கோட்டுக்கு ஒரு செ.மீ. உள்ளே அந்தத் துண்டை வெட்டி எடுங்க. டிஸ்க் நேராக டாப்ஷீட்டில் உட்காரும். அங்கே படத்தைப் பைண்டிங்கே மறைத்துவிடும். பைண்டிங்கில் மாட்டாத கால் வழுக்காமல் இருக்க ஒட்டும் ஸ்டாம்ப் பேடுக்கும் அதே கதை. வினைல் மேல் பேடு ஒட்டினால், லிஃப்ட்டை விட்டு இறங்கும்போது ஈர பூட் இழுக்கும் இழுப்பில் இரண்டும் சேர்ந்து உரியும். பேடு அளவுக்கு ஜன்னல் வெட்டி அதையும் டாப்ஷீட்டிலேயே ஒட்டுங்க.

ஸ்ப்ரே பெயின்ட் பக்கம் போகாதீங்க. போர்டு வளைய வளைய செதில் செதிலாகக் கொட்டும்.

மலைச்சரிவு:
நன்றி குரு. பேஸில் இருக்கும் விரலுக்கு என்ன வழி?

பதில் 3 (மெழுகுக்கடை):
வழி இல்லைங்க. பேஸ் பாலிஎதிலீன், அதில் பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. மெஷினில் அரைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வண்ணத் துண்டுகளை வெட்டிப் பதித்த பேஸ் என்றால் நிறம் முழுத் தடிமனுக்கும் இருக்கும். அச்சடித்த ரகத்தில் படம் தெளிந்த பிளாஸ்டிக்கின் பின்பக்கம் இருக்கும். எப்படி அரைத்தாலும் பேஸ் மெலியும், விரல் போகாது.

டாப்ஷீட்டை விட பேஸ்தான் அதிகம் பேர் கண்ணில் படும். சேர்லிஃப்டில் காலில் தொங்கும் போர்டைக் கீழே சரிவில் போகிறவர்கள் நிமிர்ந்தால் பார்ப்பது பேஸை. பல இடங்களில் குழந்தைகள் வகுப்பு லிஃப்ட் பாதைக்குப் பக்கத்திலேயே நடக்கும். கஃபே வாசல் ரேக்கில் பேஸ் உள்பக்கம் பார்க்க வைக்கலாம், லிஃப்டில் முடியாது.

கேபிள்கார் சொன்ன மாதிரி ரிசார்ட் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆனால் ஒரு பெற்றோர் புகார் கொடுத்தால் அன்றைக்கு போர்டை லாக்கரில் வைத்துவிட்டு வாடகை போர்டு எடுக்கச் சொல்லலாம். அந்த வாடகைக் காசோடு வினைல் காசையும் சேர்த்துப் போட்டு, படமில்லாத பேஸ் உள்ள போர்டாக மாற்றிக்கொள்ளுங்க. இதுபோன்ற பழைய படம் போட்ட போர்டை வாங்கிச் சுவரில் மாட்டும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்; விற்பதாக இருந்தால் வினைல் ஒட்டாமல் வையுங்க.