‘பந்து’ என்றால் எது என்று மெஷினுக்கு எப்படிப் புரிகிறது?

மரப்பாச்சி:
என் மகளுக்கு ஒன்றேகால் வயது. மாடு, நாய், எதிர்வீட்டு ஆடு எல்லாமே அவளுக்கு ‘ம்மா’தான். ஆஸ்திரேலியாவில் ஒரு குழந்தையின் தலையில் கேமரா மாட்டி எடுத்த வீடியோவையும், அப்போது பெரியவர்கள் பேசியதையும் மட்டும் கொடுத்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு ஏஐ மாடலுக்கு (தரவைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல்) சொல் பழக்கினார்களாம், 2024ல் வெளிவந்த ஆய்வு. எனக்குப் புரியாதது ஒன்றுதான். ‘பந்து எங்கே’ என்று அம்மா கேட்கும்போது படத்தில் தரை, சோபா, குழந்தையின் கை எல்லாம் இருக்குமே, அதில் பந்து எது என்று அதற்கு யார் சொன்னது?

சேந்தன்42:
யாரும் சொல்லவில்லை. மொத்தமே 61 மணி நேர வீடியோ, அந்தக் குழந்தை விழித்திருந்த நேரத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். பேச்சை ஒலியாகக் கொடுக்கவில்லை, எழுத்தாக்கிக் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் வந்த படத்தையும் வாக்கியத்தையும் பக்கத்தில் இழு, பொருந்தாத ஜோடியைத் தள்ளி வை, பயிற்சி இவ்வளவுதான். தரை எந்தப் பேச்சோடும் வருகிறது, அதனால் அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. ‘பந்து’ என்ற சொல் வரும்போது அடிக்கடி தெரிந்து மற்ற நேரத்தில் காணாமல் போவது எதுவோ அதுதான் ஒட்டிக்கொள்கிறது. நான்கு படத்தில் சரியானதை எடு என்றால் குருட்டாம்போக்கில் 25 சதவீதம் வரும், இது 62 சதவீதத்தை ஒட்டி எடுத்தது.

பொதிகைக்காற்று:
இதைவிட எனக்குப் பிடித்தது 1999ல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் லூக் ஸ்டீல்ஸ் குழு செய்த ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற சோதனை. வெள்ளைப் பலகையில் வண்ண வண்ண வடிவங்கள், எதிரே இரண்டு கேமராக்கள், ஒவ்வொன்றின் வழியாகவும் பார்க்கும் ஒரு ஏஜென்ட், அதாவது தானாக இயங்கும் நிரல். ஒன்று ஒரு வடிவத்தை மனதில் வைத்து ஒரு சொல் சொல்லும் (சொல்லே அதுவாக இட்டுக்கட்டியது), மற்றது எது என்று ஊகிக்கும், தப்பானால் முதலாவது சுட்டிக்காட்டும். ஜெயித்த சொல்லுக்கு மதிப்பெண் கூடும், போட்டிச் சொல்லுக்குக் குறையும். வேடிக்கை என்னவென்றால், இடப்பக்கம் இருந்த சிவப்பு முக்கோணத்துக்கு ஒரு சொல் வந்தால், சொன்னது ‘சிவப்பு’ என்றும் கேட்டது ‘இடது’ என்றும் நினைத்துக்கொண்டே ஆட்டம் ஜெயித்துக்கொண்டு போகலாம்! சிவப்பு வலப்பக்கம் போகும் நாளில்தான் குட்டு உடையும். மனிதர்களிடம் இது எத்தனை வருஷம் உடையாமல் ஓடுமோ.

கறிவேப்பிலை:
சரி, பொருளுக்குப் பெயர் வைப்பது புரிகிறது. பச்சை நிறத்தைக் கேமரா கற்றுக்கொள்ளும், ‘பச்சைத் தண்ணி’யை எந்தக் கேமராவில் பார்ப்பது? பச்சைக் குழந்தை, பச்சைப் பொய்?

சேந்தன்42:
நியாயம்தான். அந்த ஆய்விலும் சோதித்தது கண்ணால் காட்டக்கூடிய பொருள்களின் பெயர்களைத்தான். ‘பச்சைத் தண்ணி’ புரிய அடுப்பில் வைக்காத தண்ணீரைக் குளிர்காலத்தில் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும், அல்லது அந்தச் சொல் வேறு எந்தச் சொற்களோடெல்லாம் வருகிறது என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய மாடல்கள் இரண்டாவது வழியில் நிறையவே தேற்றிவிடுகின்றன, ஆனால் அதைப் புரிதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மரப்பாச்சி:
அப்போ என் மகளுக்கு மாட்டைத் தனியாக, நாயைத் தனியாகக் காட்டியதுதான் தப்போ? நாளைக்கு எதிர்வீட்டு ஆட்டையும் எங்கள் நாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். நாய் சம்மதிக்க வேண்டும்.