ராணுவத்தில் இருப்பவரின் துணைக்கு எந்தக் கல்லூரி: உள்ளூரா, ஆன்லைனா?

நீலக்கடல்:
கேள்வி அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கு. கணவரோ மனைவியோ படைப்பணியில் இருக்கும்போது மற்றவர் பட்டப்படிப்பை எங்கே தொடங்குவது? முதல் நாளிலிருந்தே ஆன்லைன் என்பது என் கட்சி. சில வருஷத்துக்கு ஒருமுறை இடமாற்ற உத்தரவு வரும். உள்ளூர்க் கல்லூரியைப் பாதியில் விட்டுக் கிளம்பினா, எடுத்த கிரெடிட்டில், அதாவது முடிச்ச பாடங்களுக்கான புள்ளிகளில், பல புதிய இடத்தில் வெறும் விருப்பப்பாடமா ஏறும். முக்கியப் பாடத்தைத் திரும்பப் படிக்கணும். 120 கிரெடிட் பட்டத்தில் 30 எங்ககிட்டேயே முடிக்கணும்னு பல கல்லூரிகள் நிபந்தனை வெச்சிருக்கு.

தாழம்பூ:
ஒப்புக்கமாட்டேன், கட்டணத்தை விட்டுட்டீங்க. 2008 உயர்கல்வி வாய்ப்புச் சட்டப்படி, 30 நாளுக்கு மேல் முழுநேரப் படைப்பணியில் இருப்பவரின் நிரந்தரப் பணியிடம் எந்த மாநிலத்தில் இருக்கோ, அங்குள்ள அரசுக் கல்லூரி துணைக்கும் உள்மாநிலக் கட்டணம், அதாவது அந்த மாநிலத்துக்காரங்களுக்கான குறைந்த கட்டணம்தான் போடணும். இடமாற்றம் வந்தாலும், சேர்க்கை அறுபடாத வரைக்கும் அதே கட்டணம் தொடரும். உள்ளூரில் சேர்ந்துட்டு, ஊர் மாறினதும் அதே கல்லூரியோட ஆன்லைன் வகுப்புக்குப் போங்க. கிரெடிட் மாற்றுற பேச்சே வராது. மூட்டை கட்டுற பரபரப்பில் ஒரு செமஸ்டரை முழுசா விடுறவங்கதான் மாட்டிக்கிறாங்க. திரும்பி வந்தா வெளிமாநிலக் கட்டணம் காத்திருக்கும். எத்தனை பாடம் எடுத்தா தொடர்ச்சியா கணக்கு வைப்பாங்கன்னு பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிடுங்க.

குறிஞ்சி:
படையில் பணி செய்றவங்களுக்கான அரசுக் கல்வி உதவி, ஜிஐ பில், இருக்கும்போது கட்டணத்துக்கு ஏன் இவ்வளவு கவலை? 6 வருஷம் பணி முடிச்சவர், இன்னும் 4 வருஷம் இருக்கேன்னு ஒப்புக்கிட்டா, தன் 36 மாத உதவியைத் துணைக்கு மாற்றித் தரலாம். பணியில் இருக்கும்போதே விண்ணப்பிக்கணும், விலகின பிறகு முடியாது.

தாழம்பூ:
மாற்றி வாங்குறது சரி, உடனே செலவழிக்கிறதுதான் தப்பு. அவர் முழுநேரப் பணியில் இருக்கும் வரை துணைக்கு மாத வீட்டுப்படி கிடையாது. அதே மாதங்களைப் பிள்ளை பயன்படுத்தினா படியும் வரும். முதல்ல படையினரின் துணைகளுக்கான மைகா (MyCAA) கல்வி உதவியை எடுங்க: 4,000 டாலர் வரை. அதை இளங்கலைப் பட்டத்துக்குத் தரமாட்டாங்க. அசோசியேட் பட்டம் (இரண்டு வருஷப் படிப்பு), சான்றிதழ், உரிமத்துக்குத்தான். குறிப்பிட்ட ஊதிய நிலைகளுக்கு மட்டும். வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடியே ஒப்புதல் வாங்கணும். திருமணம் டீர்ஸ் (DEERS) என்ற ராணுவக் குடும்பப் பதிவில் ஏறாம இதில் எதுவும் நடக்காது.

குறிஞ்சி:
அவர் ஓய்வு பெறும் வரை காத்திருந்தா, துணை படிச்சு முடிச்சு வாங்கியிருக்கக்கூடிய அத்தனை வருஷச் சம்பளம் போயிடும். அதைவிட வீட்டுப்படி பெரிசா? இன்னொண்ணு, மாற்றித் தந்த மாதங்களில் இன்னும் செலவழிக்காததை அவர் எப்போ வேணும்னாலும் திரும்ப எடுத்துக்கலாம். கையில் இருக்கும்போதே படிச்சு முடிக்கிறதுதான் துணைக்குப் பாதுகாப்பு.

நீலக்கடல்:
குறிஞ்சி சொல்ற அந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். கட்டண விஷயத்தில் தாழம்பூ சொல்றதையும் ஏத்துக்கறேன். ஆனா பிசினஸ், கணக்கியல் படிப்புக்கு இன்னமும் ஆன்லைன்தான் என் பரிந்துரை.

தாழம்பூ:
அதுக்குச் சரி. நர்சிங், ஆசிரியர் பயிற்சின்னா அப்படி முடியாது. மருத்துவமனைப் பயிற்சி மணிகளையும் பள்ளிப் பயிற்சியையும் நேரில்தான் முடிக்கணும், எங்கே முடிக்கிறதுன்னு கல்லூரிதான் ஏற்பாடு செய்யணும். இடமாற்றத்தில் வேறு மாநிலம் போனாலும் தொழில் உரிமம் செல்லும்னு 2023 ஜனவரியில் வந்த சட்டம், உரிமம் கையில் இருக்கிறவங்களுக்குத்தான் உதவும், படிச்சுக்கிட்டிருக்கிறவங்களுக்கு இல்லை. அதனால, இந்தப் படிப்பு எந்தெந்த மாநிலத்தில் உரிமத்துக்குச் செல்லும்ங்கிற பட்டியலைக் கேட்டு வாங்குங்க. கூட்டாட்சி விதிப்படி கல்லூரி அதைத் தந்தே ஆகணும். அடுத்து போகக்கூடிய முகாம்கள் இருக்கிற மாநிலங்கள் அதில் இல்லைன்னா, முன்பணம் கட்டாதீங்க.